நிலவு ஏரிக்குச் செல்லும் நெறி

நுழையும் முன்

மலைச்சாலை என்றதும் நம் நினைவுக்கு வருவன கொண்டை ஊசி வளைவுகளே. கொல்லிமலைக்கு எழுபது வளைவுகள், வால்பாறைக்கு நாற்பது. வளைவுதோறும் எண் எழுதிய பலகையும், பள்ளத்தின் ஓரத்தில் தடுப்புச் சுவரும், காலடியில் தாரும் உண்டு. இமயமலையின் உட்பகுதியில் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் பெற்றும் நெடுந்தொலைவுக்குத் தார் காணாது, கூழாங்கற்களின்மீதும் ஓடைகளின் ஊடாகவும் சென்ற சாலை ஒன்று உண்டு. அச்சாலையிலிருந்து பிரியும் ஒற்றைத் தடம் ஓர் ஏரியை நோக்கி ஏறுகிறது. அவ்வழியில் வண்டி ஓட்டுவோர் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் அதன் இருப்பிடமும்

இமாச்சலப் பிரதேசத்தின் லாகௌல்–ஸ்பிதி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது சந்திர தால். 'தால்' என்பது அப்பகுதி மொழிகளில் ஏரியைக் குறிக்கும். பிறைநிலவின் வளைவைப் போன்ற கரையுடையது ஆதலின் இப்பெயர் பெற்றது என்பர். தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன்மேல் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் எட்டும் உயரத்தில் இந்த ஏரி கிடக்கிறது. அங்கு மரம் என்று ஒன்று கிடையாது. கோடையில் முளைக்கும் புல்லும் சிறு பூஞ்செடிகளுமே பசுமை. மற்றவை பாறை, பனி, வானம்.

ஏரிக்குள் பேராறு எதுவும் வந்து விழுவதைக் காண இயலாது. நீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து ஊறுகிறது. மிகும் நீர் வெளியேறிச் சந்திரா ஆற்றில் கலக்கிறது. சந்திரா, தண்டி என்னும் இடத்தில் பாகா ஆற்றுடன் சேர்ந்து சந்திரபாகா ஆகிறது. காஷ்மீருள் நுழைந்தபின் செனாப் எனப்படுகிறது. தருமரை விண்ணுலகிற்கு அழைத்துச் செல்ல இந்திரனின் தேர் வந்திறங்கிய இடம் இதுவே என்று அவ்வூர் மக்கள் ஒரு கதையும் சொல்வர். வண்டியில் அங்குச் சென்று சேர்வோருக்கு, தேர் எவ்வழியே வந்திருக்கும் என்னும் ஐயம் எழுவது இயல்பே.

மணாலியிலிருந்து புறப்படுவோர் முன்னாளில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயை ஏறி இறங்கியாக வேண்டும். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, 9.02 கி.மீ. நீளத்தில் அம்மலையைக் குடைந்து செல்வதால் அந்த ஏற்றம் இப்போது கட்டாயமில்லை. சுரங்கத்தைக் கடந்து கிராம்ஃபூ என்னுமிடத்தை அடைந்தால், அங்கிருந்து காசாவை நோக்கிச் செல்வது தேசிய நெடுஞ்சாலை 505. சத்ரூ, சோட்டா தாரா ஆகிய நிறுத்தங்களைக் கடந்து பத்தால் வரை ஏறத்தாழ 50 கி.மீ. அதைக் கடக்க நான்கு மணி நேரமும் ஐந்து மணி நேரமும் ஆன நாள்கள் மிகுதி. பத்தாலில் சந்திரா ஆற்றைப் பாலத்தால் கடந்து, குன்சும் கணவாயை நோக்கி ஏறத் தொடங்கியதும் இடப்புறமாக ஒரு தடம் பிரிகிறது. பன்னிரண்டு கி.மீ. அளவுள்ள அத்தடமே ஏரிக்குச் செல்வது. ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க அகலம் அதற்கு.

நீர் வகுத்த வழி

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோட்டத்தையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். பரிசில் பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்தும் இலக்கியவகை ஆற்றுப்படை எனப் பெயர் பெற்றது இரண்டாம் பொருளால். இரு பொருளும் ஒரே இடத்தில் மெய்யாவதைக் காண விரும்புவோர் சந்திரா பள்ளத்தாக்கைக் காணலாம். அங்கே பல இடங்களில் ஓடைதான் சாலை, சாலைதான் ஓடை.

இதற்குக் காரணம் அப்பள்ளத்தாக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆறு மட்டும் அரித்து உண்டாக்கும் பள்ளத்தாக்கு குறுகிக் கூர்மையாக இருக்கும். பனியாறு அரைத்து உண்டாக்கியது அகன்ற அடியும் செங்குத்தான சுவர்களும் உடையது. சந்திரா பள்ளத்தாக்கு இரண்டாம் வகை. பனியாறுகள் பின்வாங்கியபோது தாம் சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் அப்படியே போட்டுவிட்டுச் சென்றன. சுவர்போன்ற சரிவுகளிலிருந்து இன்றும் கற்கள் உதிர்ந்தவண்ணம் உள்ளன. அவற்றைச் சிற்றோடைகள் வாரிக்கொண்டுவந்து பள்ளத்தாக்கின் அடியில் விசிறி விரித்தாற்போலப் பரப்புகின்றன. சாலை இவ்விசிறிகளின் குறுக்கே செல்கிறது. விசிறிமேல் ஓடும் ஓடைக்கு நிலையான கால்வாய் கிடையாது. இன்று இடப்பக்கம் ஓடும். ஓர் இரவு பெருமழை பெய்து கல்லும் சேறும் கலந்து வந்தால், நாளை வலப்பக்கம் ஓடும்.

'பாலம் கட்டலாகாதா?' என்று கேட்கத் தோன்றும். ஓடை இடம் மாறினால் பாலம் வறண்ட நிலத்தின்மேல் நிற்கும். கல்லும் சேறும் திரண்டு வந்தால் பாலமே புதையும். குளிர்காலத்தில் பனிச்சரிவு வேறு. ஆகவே பல ஓடைகளில், படுகையில் கல்லை நிரவி, நீர் மேலே வழிந்தோட விட்டு, வண்டியை அதன் ஊடே செலுத்துவதே நடைமுறையாயிற்று. அவ்வோடைகளுள் ஒன்றுக்குப் 'பாகல் நாலா', அதாவது பித்தேறிய ஓடை, என்றே ஓட்டுநர்கள் பெயரிட்டுள்ளனர்.

பத்தாலுக்குச் சற்று முன்னர், ஆற்றின் மறுகரையில் பெருங்கற்குவியல் ஒன்று மலையிடுக்கிலிருந்து வெளிப்பட்டு நிற்கும். கற்குவியல் என்று எண்ணிக் கடந்துபோவோரே மிகுதி. அது படா ஷிக்ரி பனியாற்றின் வாய்ப்பகுதி. ஏறத்தாழ 28 கி.மீ. நீளமுள்ள அப்பனியாறு இமாச்சலத்தின் மிகப் பெரியது. அதன் மேற்பரப்பைக் கல்லும் மண்ணும் மூடியிருப்பதால் வெண்மை தெரிவதில்லை. 1836ஆம் ஆண்டில் இது சந்திரா ஆற்றை அடைத்து ஏரியொன்றைத் தேக்கியதாகவும், பின்னர் அந்த அணை உடைந்து கீழுள்ள பள்ளத்தாக்கைப் பாழ்படுத்தியதாகவும் பழைய குறிப்புகள் உரைக்கின்றன.

தாரும் இங்கு நிலைப்பதில்லை. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பெருகும். பகலில் உருகிய நீர் தாரின் வெடிப்புகளில் இறங்கி, இரவில் உறைந்து, வெடிப்பை அகலச் செய்கிறது. மறுநாள் மேலும் நீர் இறங்குகிறது. சில குளிர்காலங்களில் தார்ப்பரப்பு ஓடு ஓடாகப் பெயர்ந்துவிடும். பெயர்ந்த தாரைவிடச் சமமான மண்தடமே வண்டிக்கு நல்லது என்று ஓட்டுநர் சிலர் கூறுவதில் உண்மை உண்டு.

ஓடையின் வேளை

இவ்வழியைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் கற்பிக்க வேண்டுமென்றால், ஓடைக்கு வேளை உண்டு என்பதையே கற்பிக்கலாம். நம் ஊர் ஓடைகளில் மழை பெய்தால் வெள்ளம். மழை நின்றால் வடியும். பனி உருகி வரும் ஓடையோ நாள்தோறும் ஒருமுறை பெருகி ஒருமுறை வடிகிறது. இரவில் மேலேயுள்ள பனி உறைந்து கிடக்கும்; விடியற்காலையில் ஓடை மிக மெலிந்திருக்கும். கதிரவன் ஏற ஏறப் பனி உருகும். உருகிய நீர் சரிவுகளில் இறங்கி வந்து சேர மேலும் சில மணி நேரம் ஆகும். ஆகவே வெயில் உச்சியில் நிற்கும்போது அன்று, அதற்குப் பின்னர், பிற்பகலிலும் மாலையிலுமே நீர் உச்சத்தை எட்டுகிறது. காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடிய நீர், மாலை நான்கு மணிக்கு முழங்காலைத் தாண்டும். வானம் தெளிவாக இருக்கும் நாளிலேதான் இது கடுமையாகும். மேகமற்ற வானத்தைக் கண்டு 'இன்று இடரில்லை' என்று எண்ணுவது சமவெளியின் கணக்கு.

இதனாலேயே மணாலியிலிருந்து காசாவுக்குச் செல்லும் அரசுப் பேருந்து இருள் பிரியுமுன் புறப்படுகிறது. வாடகை வண்டி ஓட்டுநர்கள் பயணிகளை நான்கு மணிக்கே எழுப்புகின்றனர். உறக்கம் கெட்டதென்று நொந்துகொள்ளும் பயணி, பத்து மணிக்குமுன் எத்தனை ஓடைகளைக் கடந்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓடையைக் கடக்கும் முறைக்கும் காரணங்கள் உண்டு. முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். முன்னே வேறு வண்டி சென்றால் அது எந்தத் தடத்தில் இறங்குகிறது, எவ்விடத்தில் குலுங்குகிறது என்று பார்க்க வேண்டும். வண்டி எதுவும் இல்லையெனில் நீரின் முகத்தையே பார்க்க வேண்டும். அகன்று, சிற்றலையெழ ஓடும் இடம் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. குறுகி, அமைதியாகக் கருத்து ஓடும் இடம் ஆழமானது. ஆழமறியாமல் காலை விடாதே என்று நம் வீடுகளில் சொல்வது இங்கு உவமையாக அன்றி நேர்ப்பொருளிலேயே பொருந்தும். ஆயினும் வெறுங்காலை விடுதல் கூடாது. பனிநீரில் ஓரிரு நிமிடங்களில் கால் மரத்துவிடும். மரத்த கால் கல்லின் வழுக்கலை உணராது. செருப்போ காலணியோ அணிந்து, கையில் கோலுடன், நீர் குறைவாக உள்ளபோதே இறங்கிப் பார்ப்பர். நீரின் வேகம் மிகுந்திருந்தால் இறங்குவதே தவறு, காத்திருத்தலே வழி.

கடக்கும்போது முதல் கியரில், சீரான மெல்விரைவில் செல்ல வேண்டும். நடு ஓடையில் கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் கூடா. உந்துவிசை அறுபடும் அந்த நொடியில் வண்டி நின்றுவிட்டால், சக்கரத்தின் அடியிலுள்ள கூழாங்கற்களை நீர் பறித்துச் செல்லத் தொடங்கும். வண்டி தானே குழி பறித்துக்கொண்டு அமரும். விரைந்து பாய்வதும் ஆகாது. எழும் நீர், எஞ்சின் காற்றிழுக்கும் குழாய்க்குள் புகக்கூடும். வாயு அழுத்தினால் சுருங்கும், நீர்மம் சுருங்காது. உருளைக்குள் புகுந்த நீரை உந்துதண்டு அழுத்த முற்படும்போது, சுருங்காத நீர் எதிர்த்து நிற்க, இடையிலுள்ள இணைப்புத்தண்டு வளைந்துவிடும். இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் இந்த எளிய வேறுபாடு, அருகில் பணிமனை இல்லாத இடத்தில் ஒரு வண்டியின் ஆயுளை முடித்துவிடப் போதுமானது. நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்கிப் பார்க்கலாகாது என்பதும் இதனாலேயே. கரையேறிய பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை மென்மையாக மிதித்துச் சென்றால் ஈரம் உலரும். அதை மறந்து அடுத்த இறக்கத்தில் இறங்குவோர் உண்டு.

ஓடைகளுக்கு இடையே கிடக்கும் கற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துருத்திய கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டுச் செல்வது சமவெளிப் பழக்கம். அவ்வாறு செய்தால் வண்டியின் அடிவயிற்றிலுள்ள எண்ணெய்க்கலம் அடிபடும். கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றி இறக்குவதே இங்கு முறை. எதிரே வண்டி வந்தால் இறங்கி வருவது நின்று, ஏறி வருவதற்கு வழிவிட வேண்டும். நம் நாட்டுச் சாலை விதியும் இதுவே. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது அரிது. ஏரிக்குப் பிரியும் ஒற்றைத் தடத்தில் விலகி நிற்பதற்கு இடம் எங்கே உள்ளது என்பதை ஓட்டுநர் மனத்தில் குறித்துக்கொண்டே செல்வார். சில வேளைகளில் இருநூறு மீட்டர் பின்னோக்கிச் செல்ல நேரும். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம். அந்நேரத்தில் உள்ளிருப்போர் இறங்கி நடப்பது ஓட்டுநரின் திறமையை ஐயுறுவதாகாது. பாரம் குறைந்தால் வண்டிக்கு நல்லது; இறங்கியவர் கல்லைப் பார்த்துச் சொல்லவும் இயலும்.

எந்திரத்தின் மூச்சும் மனிதரின் மூச்சும்

உயரம் ஏற ஏறக் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது என்று பொதுவாகச் சொல்வர். இக்கூற்று முழுதும் சரியன்று. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். சந்திர தாலின் உயரத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அழுத்தம் குறைவதால் நீரும் அங்கே ஏறத்தாழ 86 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். பத்தாலில் உள்ள சிற்றுண்டிச் சாலைகளில் அழுத்தக் கலம் இல்லாமல் பருப்பு வேகாது.

எஞ்சினும் மூச்சு விடுவதுதான். எரிபொருள் எரியக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின், நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்னும் அளவில் ஆற்றலை இழக்கிறது. ஏரியை எட்டும்போது அதன் வலிமையில் பத்தில் நான்கு பங்கு குறைந்திருக்கும். வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசிறியைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ அமைப்புள்ள வண்டிகளில் இவ்விழப்பு குறைவு. நான்கு பேரை ஏற்றிய சிறிய வாடகைக் கார் மூச்சுத் திணறி நிற்கும் ஏற்றத்தில், பழைய டீசல் ஜீப் முனகிக்கொண்டே ஏறிவிடுவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

எந்திரம் வலிமை குறைந்தால் மெல்லச் செல்லும், அவ்வளவே. மனித உடலோ அவ்வாறன்று. போதிய நாள்கள் கிடைத்தால் அது உயரத்துக்குப் பழகிக்கொள்ளும், கிடைக்காவிட்டால் நோயுறும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, நடையில் சோர்வு ஆகியவை தொடக்க அறிகுறிகள். முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். இவ்விரண்டும் உயிரைப் பறிக்கவல்லவை. உடற்பயிற்சி செய்து உரமேறிய இளைஞரையும் இந்நோய் விடுவதில்லை. உண்மையில், தலைவலியைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்போர் அவர்களே. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவில் தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதே மருத்துவர்கள் கூறும் பொதுநெறி.

மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டரில் உள்ளது. சுரங்கப்பாதை வந்தபின், காலையில் அங்கே புறப்பட்டவர் அன்று மாலையே ஏரியருகே கூடாரத்தில் படுத்துவிடலாம். ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏற்றம். சாலை சுருங்கியது; உடலுக்கு வேண்டிய நாள்கள் சுருங்கவில்லை. இவ்விடத்தில்தான் ஓடையின் வேளையும் நோயின் வேளையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. மலைநோய் பெரும்பாலும் வந்து சேர்ந்த இரவில் முற்றுகிறது. அதற்கு முதன்மையான மருந்து கீழே இறங்குவது. கீழிறங்கும் வழியிலோ மாலையில் பெருகிய ஓடைகள் இன்னும் வடியாமல் கிடக்கும். ஒற்றைத் தடத்தில் இருள் சூழ்ந்திருக்கும். கைப்பேசித் தொடர்பும் பெரும்பாலும் இராது. காசாவின் பக்கம் செல்லலாமென்றால் 4,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குன்சும் கணவாயை முதலில் ஏறியாக வேண்டும். இறங்க வேண்டிய நோயாளியை இன்னும் ஏற்றிக் கொண்டுசெல்வது எத்தகைய கொடுமை!

ஆகவே அறிந்தோர் வேறொரு வழியைச் சொல்வர். ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் காசாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் சில நாள் தங்கி உடலைப் பழக்கியபின், குன்சும் கடந்து ஏரிக்கு வருவதே அது. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக மெல்ல மெல்ல உயர்ந்து காசாவை அடையும் அந்நெடுவழி நாள் மிகுதியும் கேட்கும். விடுமுறை நான்கே நாள் உள்ளவர்க்கு அது உவப்பாக இராது. நான்கு நாள் மட்டுமே உள்ளவர் மணாலியோடு நின்றுகொள்வது நன்று.

2023 ஜூலையில் இமாச்சலத்தில் பெருமழை கொட்டியபோது, சந்திர தாலில் கோடை நடுவே பனி பொழிந்தது. இருபுறமும் வழி அடைபட்டது. கூடாரங்களில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் சில நாள்கள் சிக்கிக்கொண்டனர். நலிவுற்ற சிலர் உலங்கூர்தியில் கொண்டுசெல்லப்பட்டனர். மற்றோரை மீட்க, காசாவின் பக்கத்திலிருந்து பனியை வெட்டி அகற்றிக்கொண்டே குன்சும் வழியாக மீட்புக்குழுவினர் வந்தனர். ஜூலை 13 அன்று அனைவரும் மீட்கப்பட்டனர். கூடாரம் நடத்துவோர் தம்மிடமிருந்த உணவையும் போர்வையையும் கொண்டு அத்தனை பேரையும் காத்தது இம்மீட்பின் முதற்பாதி.

சாலை யாருக்கு?

இத்தகைய வழியைக் கடந்து திரும்பும் பயணிகள் சிலர், 'இது இப்படியே இருக்க வேண்டும். தார் போட்டால் அழகு கெட்டுவிடும்' என்பர். இதில் பாதியை ஏற்கலாம். பாதியை ஏற்க இயலாது.

ஸ்பிதி மக்களுக்கு இந்த நெடுஞ்சாலை வீரவிளையாட்டன்று. அவர்கள் விளைவிக்கும் பச்சைப் பட்டாணி வாடுமுன் சந்தைக்குச் செல்ல வேண்டும். பேறுகால வலியெடுத்த பெண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள் கல்லூரிக்கு இறங்க வேண்டும். பயணி விரும்பி ஒருமுறை குலுங்குகிறார். அவர்கள் வேறு வழியின்றி வாழ்நாளெல்லாம் குலுங்குகின்றனர். 1960இல் நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு இமயத்தின் இத்தகைய வழிகளைப் பேணி வருகிறது. அதற்காகக் கல் சுமப்போர் பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் கூலித் தொழிலாளர்கள். சமவெளியில் பிறந்த அவர்களுள் பலர், நம்மைப்போலவே அவ்வுயரத்துக்குப் பழகாதவர்கள். ஓடையோரத்தில் தகரக் கொட்டகையில் தங்கி, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதே கல்லை மீண்டும் அடுக்குகின்றனர். வழியில் அவர்களைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் புழுதியடிக்காமல் செல்வது மிகச் சிறிய மரியாதை. அதையும் பலர் செய்வதில்லை. நெடுஞ்சாலை திருந்த வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஏரிக்குப் பிரியும் பன்னிரண்டு கி.மீ. தடம் வேறு வகையானது. அதன் முடிவில் ஊர் இல்லை, பள்ளி இல்லை, விளைநிலம் இல்லை. கோடையில் ஆட்டு மந்தைகளை ஓட்டிவரும் கத்தி இடையர்கள் நடந்தே வருகின்றனர். ஏரியோ, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் 2005ஆம் ஆண்டு பட்டியலிடப்பட்டது. வடமொழிப் புலவர்கள் சக்கரவாகம் என்று போற்றிய செம்மஞ்சள் நிற வாத்து கோடையில் இங்கு வருகிறது. சுற்றியுள்ள பாறைகளில் பனிச்சிறுத்தை வாழ்கிறது. முன்பு கரையோரத்திலேயே கூடாரங்கள் நின்றன. குப்பையும் கழிவும் பெருகவே அவை சில கி.மீ. தொலைவுக்கு அகற்றப்பட்டன. வண்டிகளும் கரைவரை செல்ல முடியாது. இறுதித் தொலைவை நடந்தே கடக்க வேண்டும். தார் போட்டு அகலப்படுத்தினால் பேருந்துகள் வரும். பேருந்துகள் வந்தால் கடைகள் வரும். ஊட்டி ஏரியின் கரையைக் கண்ட நமக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. அத்தடத்தின் கரடுமுரடு, காவலர் எவரும் நில்லாத சோதனைச் சாவடி போன்றது.

முதியோரும் நடக்க இயலாதோரும் இந்த ஏரியைக் காணலாகாதா என்னும் வினா எஞ்சுகிறது. அது நேர்மையான வினா. எளிய விடையும் அதற்கில்லை. ஆயினும் நடக்க இயலாதோர்க்கு முதல் இடர் கல்தடமன்று; 4,250 மீட்டர் உயரமே. தார் அதைக் குறைத்துவிடாது.

வழி மூடும் காலம்

அக்டோபர் கடந்து பனி விழத் தொடங்கினால் குன்சும் மூடப்படும். பத்தாலிலும் சத்ரூவிலும் கடை நடத்துவோர் தகரக் கூரைகளை இறக்கிவைத்துக் கீழே இறங்கிவிடுவர். கூடாரங்கள் சுருட்டப்படும். ஏரி உறையும். ஏழெட்டு மாதங்கள் அவ்வழியில் சக்கரத் தடம் இராது.

மே, ஜூன் மாதங்களில் பனியகற்றும் எந்திரங்கள் லாகௌல் பக்கத்திலிருந்தும் ஸ்பிதிப் பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டே கணவாயை நோக்கி ஏறுகின்றன. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் பனிச்சுவர் நிற்க, நடுவே சேறான தடம் தெரியும். வழி திறந்ததும் முதலில் வரும் ஓட்டுநர்கள் சென்ற ஆண்டின் நினைவை நம்பி இறங்குவதில்லை. குளிர்காலத்தில் எந்தச் சரிவு உடைந்தது, எந்த ஓடை எத்தனை முழம் தள்ளிப்போயிற்று என்பதை ஓடைக்கு ஓடை நின்று பார்க்கின்றனர். எதிரே வருவோரிடம் கேட்கின்றனர். பத்தாலில் தேநீர் குடிக்கும் வேளையில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொள்கின்றனர். 'காலையில் நீர் இடப்பக்கம் இருந்தது. பெரிய கல்லுக்குக் கீழே இறங்காதே, மேலே இறங்கு' என்று ஒருவர் கையசைத்து வழி காட்டுகிறார். கேட்டவர் தேநீரை முடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் வண்டியைக் கிளப்புகிறார்.